கேப்டன் ஏன் திரும்பி வந்தார்?



நம் சபையில் நர்ஸ் வேலை பார்க்கிற நாங்கள் நான்கு பேரும் ஒரே சனிக்கிழமை லீவில் இருப்பது வருடத்தில் இரண்டு தடவை நடந்தாலே பெரிது. போன மாதம் அப்படி ஒரு சனிக்கிழமை அமைந்தது. வாலிபர் கூட்டம் முடிந்ததும், பஜ்ஜியும் டீயுமாக, நீங்கள் தெரிந்தெடுத்த 'ஆன் த பீச்' தொலைக்காட்சிப் படத்தை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பாகம், மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒருவரும் எழுந்து போகவில்லை. நம் மெல்பர்ன் தெருக்களில் உலகம் முடிகிற கதை என்றால் யார்தான் எழுந்து போவார்கள்?

முடிந்ததும் ஒரு தம்பி சொன்னான்: "அக்கா, கடைசியில் கேப்டன் கப்பலை விட்டுவிட்டு அவளிடம் திரும்பி வந்தாரே, அதுதான் டாப்." பாதிப் பேர் கைதட்டினீர்கள். புத்தகத்தில் அவர் திரும்பி வரவே மாட்டார் என்று நாங்கள் சொன்னபோது, "இதற்குப் புத்தகம் வேறு இருக்கிறதா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் கார் பார்க் வரைக்கும் போனது. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய அறிவியல் நாவல்களைத் தொலைக்காட்சிக்காக மாற்றுவதில் தப்பில்லை. வருடத்தை மாற்றலாம், யுத்தத்தை மாற்றலாம், கருவிகளை மாற்றலாம். ஆனால் கதையின் முக்கியமான மனிதர் எதற்காக ஒரு முடிவை எடுக்கிறார் என்பதை மாற்றிவிட்டால், பெயர் மட்டும்தான் பழையது, கதை வேறு. 2000-ஆம் ஆண்டில் வந்த இந்தப் படம் அதைத்தான் செய்திருக்கிறது. படத்தைப் பாருங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

நம் ஊரில் எழுதிய கதை

இந்த நாவலை எழுதிய நெவில் ஷூட் இங்கிலாந்துக்காரர், விமானப் பொறியாளர். 1950-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்து, ஃபிராங்ஸ்டன் பக்கத்தில் லாங்வாரினில் குடியேறினார். நம்மைப் போலவே கடல் கடந்து வந்து இந்த ஊரைத் தன் ஊராக்கிக் கொண்டவர். 1957-ல் 'ஆன் த பீச்' வெளிவந்தது.

கதை 1962-ஆம் வருடக் கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் தொடங்குகிறது. அதற்கு முன்பே பூமியின் வட பாதியில் 37 நாள் அணு யுத்தம் நடந்து, அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. கதிர்வீச்சுத் தூசி காற்றோடு மெதுவாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. டார்வின், கேர்ன்ஸ், பிரிஸ்பன், சிட்னி என்று ஊர் ஊராக அடங்கி, அடுத்த வருடம் செப்டம்பர் வாக்கில் மெல்பர்னுக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த எட்டு ஒன்பது மாதங்களை ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் நாவல்.

அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் டுவைட் டவர்ஸ், திரும்பிப் போக நாடில்லாமல் வில்லியம்ஸ்டவுன் துறையில் நிற்கிறார். பெரிக் பக்கத்துப் பண்ணையில் மோய்ரா டேவிட்சன் என்ற பெண், பயத்தை மறக்கப் பிராந்தி குடிக்கிறாள். இளம் கடற்படை அதிகாரி பீட்டர் ஹோம்ஸ், அவர் மனைவி மேரி, கைக்குழந்தை ஜெனிஃபர். பெட்ரோல் கிடையாது, அதனால் ஜனங்கள் சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் போகிறார்கள். விக்டோரியாவின் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் வருவதால் டிராம் ஓடுகிறது. அடுத்த வருடம் பூக்கப்போகும் செடிகளுக்காக மேரி தோட்டத்தைத் திட்டமிடுகிறாள். மோய்ரா டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படிக்கப் போகிறாள். டவர்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறார்.

"ஒன்றுமே நடக்காது போலிருக்கிறதே அக்கா" என்று ஒரு தங்கை சொன்னாள். சரிதான். நாங்களும் முதல் ஐம்பது பக்கங்களை அப்படித்தான் தள்ளித் தள்ளிப் படித்தோம். பிறகுதான் புரிந்தது, அந்தச் சாதாரண வேலைகள்தான் கதை. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது ஆனதோத்தில் நிலம் வாங்கிய எரேமியா எங்கள் நினைவுக்கு வந்தார். ஒரு வித்தியாசம் உண்டு. எரேமியாவுக்கு ஒரு வாக்குத்தத்தம் இருந்தது. மேரிக்கு அது கூட இல்லை. இருந்தும் மண்ணைக் கிளறுகிறாள்.

மாற்றினாலும் கெடாதவை

நாவலிலிருந்து முதலில் வந்தது 1959-ன் ஹாலிவுட் சினிமா. இயக்கியவர் ஸ்டான்லி கிராமர், நடித்தவர்கள் கிரிகரி பெக், ஆவா கார்ட்னர். படப்பிடிப்புக்கு அவர்கள் மெல்பர்னுக்கே வந்தார்கள். இன்றும் ஃபிராங்ஸ்டன் ஸ்டேஷன் பக்கம் போகிற பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். நாம் பார்த்தது 2000-ல் ரசல் மல்கேஹி இயக்கியது. அர்மாண்ட் அசாண்டே கேப்டன், ரேச்சல் வார்ட் மோய்ரா, பிரையன் பிரவுன் விஞ்ஞானி.

மாற்றம் என்றாலே குற்றம் சொல்லுகிற ஆட்கள் நாங்கள் இல்லை. எங்கள் அப்பா அம்மா காலத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு வரும். பத்திரிகையில் படித்தபோது மனதில் ஓடிய நாய் வேறு, திரையில் வந்த நாய் வேறு. ஆனாலும் அது ஜீனோவாகத்தான் இருந்தது என்பார்கள்.

'ஆன் த பீச்'சிலும் அப்படி ஒரு நல்ல மாற்றம் உண்டு. நாவலில், எல்லாரும் இறந்துபோன அமெரிக்கக் கரையிலிருந்து ஒரு ரேடியோ சிக்னல் வருகிறது. யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கக் கப்பல் அத்தனை தூரம் போகிறது. கடைசியில், உடைந்த ஜன்னல் சட்டம் ஒன்று காற்றில் ஆடி ஆடித் தந்திக் கருவியை அழுத்திக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. 1959 சினிமாவில் அது ஜன்னல் திரையின் கயிற்றில் மாட்டிக்கொண்ட கோக் பாட்டில் ஆனது. 2000-ல் சூரிய ஒளியில் ஓடும் மடிக்கணினி ஆனது. பொருள் மூன்று தடவை மாறிவிட்டது, ஆனால் கிடைக்கிற செய்தி ஒன்றுதான்: கூப்பிட்டது மனிதன் இல்லை. வயிற்றைப் பிசைகிற அந்த ஏமாற்றம் மூன்றிலும் அப்படியே இருக்கிறது. யுத்தத்தின் காரணமும் மாறியிருக்கிறது. நாவலில் சின்ன நாடுகளின் சண்டையில் ஆரம்பித்துப் பெரிய நாடுகளுக்குப் பரவுகிறது. படத்தில் தைவானை முன்னிட்டு அமெரிக்காவும் சீனாவும் மோதுகின்றன. இதுவும் நியாயமான மாற்றம்தான். பார்க்கிறவர்கள் பயப்படுகிற பெயரைச் சொன்னால்தானே பயம் வரும்.

கலவரமா, டிராமா?

படத்தில் தெருக்களில் சூறையாடலும் கலவரமும் வருகிறது. நாவலில் ஜனங்கள் பெரும்பாலும் அமைதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். "படம்தான் நிஜம், மனுஷன் அப்படித்தான்" என்று உங்களில் பலர் சொன்னீர்கள். இதில் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

2020 மார்ச்சில் கடைகளில் டாய்லெட் பேப்பர் அலமாரி காலியாகக் கிடந்ததை நாமெல்லாரும் பார்த்தோம். அது உண்மை. அதற்குப் பிறகு ஆறு ஊரடங்குகளில் மொத்தம் 262 நாள் இந்த ஊர் அடைந்து கிடந்தது. அந்த நாட்களில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகும்போது எங்களோடு டிராமில் யார் இருந்தார்கள்? துப்புரவு வேலை செய்கிறவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள், பேக்கரிக்காரர். ஓட்டுநரும் வந்திருந்தார். யாரும் வீரம் பேசவில்லை. மாஸ்க்குக்கு மேலே தூக்கம் நிறைந்த கண்கள்தான். காலியான அலமாரியும் உண்மை, ஓடின டிராமும் உண்மை. எந்த நாளும் செய்தியில் வந்தது அலமாரி மட்டும்தான். ஷூட் டிராமைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது நிஜத்துக்கு ஒவ்வாது என்று மட்டும் எங்களால் சொல்ல முடியவில்லை.

மூன்று முடிவுகள்

இப்போது கேப்டனிடம் வருவோம்.

நாவலில் டவர்ஸுக்கு அமெரிக்காவில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் உயிரோடு இருப்பவர்களைப் போலவே பேசுவார். செப்டம்பரில் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லி, மகனுக்குத் தூண்டிலும் மனைவிக்கு வளையலும் வாங்கி வைக்கிறார். மகளுக்குக் குதித்து விளையாடுகிற போகோ ஸ்டிக் வேண்டும். கடைகளில் அது கிடைப்பதில்லை. அவரை நேசிக்கிற மோய்ராதான் அலைந்து திரிந்து அதைச் செய்வித்துக் கொடுக்கிறாள். தனக்குக் கிடைக்காத மனிதருடைய பிள்ளைக்காக அவள் செய்கிற காரியம் அது. குடியில் கிடந்த பெண் அந்த அன்பில்தான் நிமிர்கிறாள்.

கடைசி நாள் வருகிறது. கடற்படைக் கப்பலைக் கேட்பாரற்று விட்டுவிடக் கூடாது, எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் மூழ்கடிக்க வேண்டும் என்பது டவர்ஸின் தீர்மானம். நானும் வருகிறேன் என்று மோய்ரா கேட்கிறாள். மறுக்கிறார். காரணம் என்ன தெரியுமா? கப்பலில் இருக்கும் வேறு சிலரும் அதே அனுமதியை அவரிடம் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொன்னதைத் தனக்கு மட்டும் ஆம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பார்க்க மேலதிகாரி இல்லை, விசாரிக்க அரசாங்கம் இல்லை. இருந்தும் அவர் போகிறார். அவள் கரையில் நின்று பார்க்கிறாள்.

1959 சினிமாவில், மாலுமிகள் சொந்த ஊரில் சாக வேண்டும் என்று விரும்புகிறார்கள். கேப்டன் அவர்களோடு அமெரிக்காவுக்குப் புறப்படுகிறார். 2000 படத்தில் மாலுமிகள் போகிறார்கள், கேப்டன் மோய்ராவிடம் திரும்பி வருகிறார்.

மூன்றையும் வரிசையில் வைத்துப் பாருங்கள். முதலில் அவர் போவது கொடுத்த சொல்லுக்காக. இரண்டாவதில் தன்னோடு இருக்கிறவர்களின் விருப்பத்துக்காக. மூன்றாவதில் தன் விருப்பத்துக்காக. நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு மனிதருடைய காரணம் இப்படிச் சுருங்கிவிட்டது. 1959 சினிமாவில் டவர்ஸுக்கும் மோய்ராவுக்கும் இடையே இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியதே ஷூட்டுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படம் வெளியான ஒரு மாதத்துக்குள், 1960 ஜனவரியில், அவர் இறந்துபோனார். 2000 படத்தை அவர் பார்க்காமல் போனதே நல்லது.

அந்த இரவு நம்மில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கேப்டன் இறங்கி வந்த பிறகு கப்பலில் போனவர்களுக்கு யார் கேப்டன்? நாம் கைதட்டியபோது அவர்களை மறந்துவிட்டோம். ஒரு முடிவை அழகாகப் படம் பிடித்தால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தொலைக்காட்சியின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

எங்களுக்குள்ளேயே ஒரு மறுப்பு

நாங்கள் நான்கு பேரும் இதில் ஒரே கருத்து என்று எழுதினால் அது பொய். எங்களில் ஒருத்தி கேப்டன் பக்கம் பேசினாள். ஏன் என்று சொல்ல அவளே அனுமதி கொடுத்திருக்கிறாள்.

2020-ல் அவள் வேலை செய்த வார்டு கோவிட் வார்டாக மாறியபோது, வீட்டில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு வாரம் லீவு போட்டாள். லீவு அவளுக்கு உரிமைப்பட்டதுதான். ஒருவரும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டோம். அந்த இரண்டு வாரத்துக்குள் அங்கே தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி இறந்துபோனார். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. மகள் டேப்லெட்டில் அழுதுகொண்டே பேசினாள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், "அம்மா, நான் கையைப் பிடித்திருக்கிறேன்" என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. திரும்பி வந்த முதல் நாள் சக நர்ஸ் ஒருவர் சாதாரணமாக இதைச் சொன்னார். இவள் மருந்து அறைக்குள் போய் அழுதாள்.

"அந்தக் கேப்டன் கெட்டவன் இல்லை, அவன் ஏன் திரும்பி வந்தான் என்று எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "ஆனால் அந்தப் படம் அதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு முடியவில்லை." இதற்கு மேல் நல்ல விமரிசனத்தை நாங்கள் எங்கும் படித்ததில்லை. திரும்பி வந்தது தப்பு என்று நாங்கள் வாதாடவில்லை. திரும்பி வந்தால் எதை விட்டு வந்தோம் என்பதும் கதையில் இருக்க வேண்டும் என்கிறோம்.

மாத்திரையைப் பற்றி

நாவலிலும் இரண்டு படங்களிலும் மாறாத ஒன்று, அரசாங்கம் ஜனங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை. கூட்டத்தில் சிலர் இதையும் நம் மாநிலச் சட்டத்தையும் சேர்த்துப் பேசினீர்கள். இரண்டும் வேறு. விக்டோரியாவில் 2019 ஜூன் 19 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், குணமாக்க முடியாத நோயால் மரணத்தை நெருங்கிய பெரியவர்கள் தாங்களே கேட்டு, மருத்துவர்களின் பரிசோதனைக்குப் பின் முடிவெடுப்பதைப் பற்றியது. நியூ சவுத் வேல்ஸில் அதுபோன்ற சட்டம் 2023 நவம்பர் 28-ல் நடைமுறைக்கு வந்தது. அதைக் குறித்து சபையில் பேச வேண்டியது நிறைய உண்டு, வேறொரு நாள் பேசுவோம்.

ஷூட்டோடு எங்களுக்குள்ள வழக்கு வேறு. அவர் கதையில் மாத்திரையைக் கொடுக்க மருந்துக் கடைக்காரர் இருக்கிறார், கட்டிலுக்குப் பக்கத்தில் கடைசி வரை உட்கார ஆள் இல்லை. குணமாக்க முடியாத இடத்திலும் செய்வதற்கு வேலை இருக்கிறது. வலிக்கு மருந்து கொடுக்கலாம். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலாம். காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைக்கலாம். பதில் வராவிட்டாலும் பேசலாம், காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று குடும்பத்தாருக்குச் சொல்லலாம். இது சின்ன வேலை இல்லை. ஒரு நாவலாசிரியர் உலகத்தின் முடிவைக் கற்பனை செய்தபோது இந்த வேலைக்கு இடம் வைக்காமல் போனது எங்களுக்குக் குறையாகவே படுகிறது.

இந்தக் கதை மனதை அழுத்துகிற கதை. பார்த்த பிறகோ, வேறு எந்தக் காரணத்தாலோ, வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களில் யாருக்கும் எந்த நேரமும் போன் பண்ணலாம். சபைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் லைஃப்லைன் 13 11 14 இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு

எங்கள் யோசனை இது. நாவல் பெரியதில்லை, நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வருகிற இரண்டு மாதத்தில் படியுங்கள். பிறகு 1959 சினிமாவை ஒரு சனிக்கிழமை போடுவோம். அதன் கடைசிக் காட்சியில் ஸ்வான்ஸ்டன் தெருவில், மாநில நூலகத்தின் முன்னால், ஆளே இல்லாத இடத்தில் ஒரு பேனர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இன்னும் காலம் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். வாசிக்க ஒருவரும் இல்லை. நீங்கள் யூனிவர்சிட்டிக்குப் போகிற வழிதான் அது. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்!

மூன்று முடிவுகளையும் பார்த்த பிறகு, கேப்டன் திரும்பி வந்ததுதான் சரி என்று அந்தத் தம்பி மறுபடியும் சொன்னால், நாங்கள் உட்கார்ந்து கேட்போம். கப்பலில் போனவர்களையும் நினைத்துவிட்டுச் சொல்லட்டும்.

எங்கள் தோழி இப்போது தன் போன் நம்பரை வார்டு மேசையில் எழுதி வைத்திருக்கிறாள். மொழிபெயர்க்க அல்ல, அதற்கு மருத்துவமனையில் ஆள் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவர் யாராவது தனியாகக் கடைசி நேரத்தில் இருந்தால் வந்து பக்கத்தில் உட்காரத்தான். இதுவரை மூன்று இரவுகள் போயிருக்கிறாள்.